குதிரைக்கு எந்த எண்?

நாரின் என்ற மலை மாகாணத்தின் அலுவலகத்தில் அரசாங்கம் வாங்கும் எந்தப் பொருளும் சாய்கலின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊசியோ நிலக்கரியோ, இன்ன வகை என்று அவள் ஓர் எண் போட்ட பிறகுதான் டெண்டர். பட்டியலில் எட்டாயிரம் வரிகள். இருபத்திரண்டு வருஷத்தில் அத்தனையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்திருந்தாள் மேய்ச்சல் மலைகளில் தடுப்பூசி போடும் நர்ஸ் ஊல்கான்.

இந்த மே மாதம் அவளே அந்த மேசை முன் வந்து நின்றாள். கணவாயைக் கடக்க அவளுக்கு ஒரு குதிரை வேண்டும். போன வருஷம் 'கால்நடை' என்ற வரியில் வாங்கினார்கள். அந்த வரியில் கிலோவுக்கு யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்குத்தான் டெண்டர். வந்து சேர்ந்தது கறிக்கென்று கொழுக்க வைத்த குதிரை. பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டது. ஊசி போய்ச் சேராத ஒரு கூடாரத்தில் தட்டம்மை ஒரு குழந்தையைக் கொண்டுபோனது. இந்த முறையும் அப்படியானால் வேலையே வேண்டாம் என்று ஊல்கான் கொட்டித் தீர்த்தாள்.

சாய்கல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"அந்த எண்ணப் போட்டது நான்தான், தங்கச்சி. குதிரைன்னு பாத்தேன். எதுக்குன்னு கேக்கல. குழந்தை பேரு என்ன?"

"ஐபெக்."

பட்டியலைத் திறக்காமலே சாய்கல் ஓர் எண் எழுதினாள். ஆம்புலன்ஸ். பக்கத்து மேசை தொக்தோசுன் சிரித்துவிட்டான்.

"சைரன் வேணுமேக்கா?"

"கனைக்கும்ல, போதும்."

ஆனால் அவள் விளையாடவில்லை. ஆம்புலன்ஸ் வரியில் ஒரு விதி உண்டு: ஓட வேண்டிய பாதையில் ஓட்டிக் காட்டாமல் வாங்கக் கூடாது. அந்த மலையை ஒருநாளும் ஏறிப் பார்க்காத மனுஷி, எட்டாயிரம் வரிகளுக்குள் மலையேறத் தெரிந்த ஒரே வரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

விற்க ஒன்பது குதிரைகள் வந்தன. பளபளவென்று கொழுத்தவை பாதியில் திரும்பின. உச்சியைத் தொட்டு வந்தது விலா எலும்பு தெரிந்த ஒரு செம்பழுப்புக் குதிரை மட்டும்.

ஜூலையில் ஊல்கான் மலையிலிருந்து இறங்கி நேரே அலுவலகத்துக்கு வந்தாள். முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டாயிற்று என்று சொல்ல வந்தவள் மேசையைக் குனிந்து பார்த்தாள். மேசைக் கண்ணாடிக்கு அடியில், போன வருஷம் குதிரைக்குக் 'கால்நடை' எண் போட்ட காகிதம் இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் சாய்கலின் கையெழுத்தில் 'ஐபெக்' என்ற பெயர்.

எதிரே ஒருவர் பத்து மண்வெட்டிக்கு எண் கேட்டு நின்றுகொண்டிருந்தார். சாய்கல் பேனாவை எடுத்தாள், எழுதவில்லை.

"எதுக்குன்னு மொதல்ல சொல்லுங்கண்ணே."