அறுபத்திரண்டு பாத்தி

முன்னறையிலிருந்து 'ச்சு... ச்சு...' என்று சலித்துக்கொள்ளும் ஓசை வந்துகொண்டே இருந்தது. ஜெயா அவசரப்படவில்லை. உப்பளத்திலிருந்து வந்தால் முதலில் கால்தான். வெடித்த பாதத்தில் தண்ணீர் பட்டு எரியும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தடவி முடித்த பிறகுதான், கலெக்டரே வந்திருந்தாலும் பேச்சு.

வந்திருந்தவர் காடு வளர்ப்புத் திட்ட அலுவலகத்து தட்சணாமூர்த்தி.

"ஏம்மா, நீங்க குடுத்த பாரத்துல பாத்தி எத்தினின்னு கேட்ட எடத்துல அறுவத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க. நாத்து இருக்கும்னு போய்ப் பார்த்தா அத்தனையிலயும் உப்பு வெளஞ்சிருக்குது!"

"உப்புப் பாத்தியில உப்பு வெளையாம உளுந்தா வெளையும்? பாரத்துல வெறும் 'பாத்தி'ன்னுதான சார் போட்டிருக்குது. எங்களுக்குத் தெரிஞ்ச பாத்தி அதான்."

காட்டை அரசும் ஊராரும் சேர்ந்தே மீட்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கழுவெளிச் சதுப்பு ஓரத்துக்கான குழுவுக்கு ஜெயாவைத் தலைவி ஆக்கினார்கள். காரணம் அவள் குரல். அளத்தின் இந்தக் கோடியில் திட்டினால் அந்தக் கோடியில் உப்பு வாரும் கை நின்றுவிடும். மூன்று வருடமாக அவளும் பதினோரு பெண்களும் வேலை முடிந்து முழங்கால் சேற்றில் இறங்குகிறார்கள். சுரபுன்னை அலையாத்தி மரம்; முருங்கைக்காய் போல் நீண்ட அதன் காயை அப்படியே சேற்றில் செருகினால் போதும், வேர் பிடித்துவிடும். நானூறு கன்றுகள் பிழைத்து நிற்கின்றன. 'மருமவளுங்க' என்றுதான் சொல்வாள். அங்கே ஆடு மேயவிட்டவனை அவள் கேட்ட கேள்விகளை அச்சில் ஏற்ற முடியாது.

பாத்தியே வேண்டாத மரத்துக்குத்தான் பாரம் பாத்தி கேட்கிறது. 'இல்லை' என்று போட்டால் குழு பட்டியலிலிருந்து போய்விடும். கரை வெளியூர்க் காண்ட்ராக்டர் கைக்குப் போகும். அவன் மெஷினை இறக்கி, இருப்பதையும் வழித்துவிட்டுப் புதிதாக நடுவான்.

"சும்மா நாலு பாத்தி கட்டி போட்டோ எடுத்துக் குடுத்துடுங்க. இல்லாட்டி, மழையில எல்லாம் அழிஞ்சிபோச்சுன்னு கையெழுத்துப் போடுங்க. புதுசா ஆரம்பிக்கலாம்."

ஜெயாவின் கண் நிறைந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்கு அழுகையும் வரும். அழுகை வந்துவிட்டதே என்று இன்னும் கோபம் வரும்.

"உசுரோட நிக்கிறத செத்துப்போச்சுன்னு எழுதச் சொல்றீங்களே, உங்க வூட்ல புள்ளைங்க இல்லியா சார்? சட்டத்துல சேர்ந்து செய்யணும்னு இருக்குதில்ல? நாங்க சேத்துல எறங்கிட்டோம். நீங்க ஒரே ஒரு வரி எழுதுங்க. 'இதுக்குப் பாத்தி தேவையில்ல, கன்னு நிக்கிறத நேர்ல பார்த்தேன்'னு. பார்த்தீங்கதான?"

"பார்த்தேன்... மேல கேப்பாங்களே."

"கேக்கட்டும். என்னைக் கைகாட்டுங்க."

அவர் பென்சிலை எடுத்தார். ஜெயா அதைப் பிடுங்கிப் பலகைமேல் வைத்துவிட்டு, தன் பால்பாயிண்ட் பேனாவை நீட்டினாள்.

"ரப்பருக்கு வேலை வெக்காதீங்க சார்."

பாரத்தின் இரண்டு நகல்களிலும் அந்த வரியை எழுதிக் கையெழுத்திட்டார். ஒன்றை அவளிடம் கொடுத்து, மற்றதைப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்குன்னு வந்து வாய்ச்சீங்களே" என்று முனகியபடி செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஜெயா கதவைச் சாத்தினாள். பால்பாயிண்ட் மை எழுதும்போதே காய்ந்துவிடும். ஆனாலும் கதவில் முதுகைச் சாய்த்து, காகிதத்தை முகத்தருகே பிடித்து, அந்த ஒரு வரியின்மேல் மெல்ல மெல்ல ஊதிக்கொண்டே நின்றாள்.