இரவல் பிள்ளைகள்

அந்தக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் சாக்பீஸ் டீச்சர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கையில், கன்னத்தில், சில நாள் மூக்கு நுனியிலும் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அங்கேயே படித்து, அங்கேயே ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஆனவர். ஆண்டுதோறும் பள்ளி பிறந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அவர்தான். பழைய கிடங்கு ஒன்றில் மதர் என்று எல்லாரும் அழைத்த ஒரு கன்னியாஸ்திரி பள்ளியைத் தொடங்கினார். போதுமான பிள்ளைகள் இருந்தால்தான் அனுமதி. பார்வையிட வந்த அதிகாரி, நிறைந்திருந்த பெஞ்சுகளைக் கண்டு அசந்துபோய் அனுமதி கொடுத்தார். கதை முடிந்ததும் பிள்ளைகள், பள்ளியின் முழக்கமான "உண்மையே பேசுவோம்!" என்று கூரை அதிரக் கத்துவார்கள்.

ஒரு வருடம், துணிக்கு இஸ்திரி போட்டபடியே வீட்டில் அந்தக் கதையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மாமனார் குலுங்கிச் சிரித்தார்.

"பெஞ்சு எங்கம்மா நிறைஞ்சுது? பாதிப் பேர் இரவல்! தெருவுல கோலி ஆடிட்டிருந்த எங்களைத்தான் மதர் பிடிச்சு உக்கார வெச்சாங்க. அதிகாரி கேட்டா தினமும் வர்றோம்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னோம்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பொய்யா மாமா?"

"பொய்தான். ஆனா மறுநாள் நானாவே போய் உக்காந்துட்டேனே! அப்புறமும் அது பொய்யா? நீயே சொல்லு."

கருகிய வாடை வந்த பிறகுதான் டீச்சருக்கு இஸ்திரிப் பெட்டி நினைவுக்கு வந்தது.

மறுநாள் தலைமை ஆசிரியையான சிஸ்டரிடம் ஓடினார். "அந்தப் பகுதியை விட்டுடலாமா சிஸ்டர்?"

"தெரிஞ்சே விட்டா அதுவும் பொய்தானே?" சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். "சொன்னா, பொய் சொல்லலாம்னு பிள்ளைங்க நினைச்சுக்கும். எனக்கே தலை சுத்துது டீச்சர். உங்க மனசுக்குப் பட்டதைச் செய்யுங்க."

மனசுக்கு ஒன்றும் படவில்லை. வகுப்பில் முழுக் கதையையும் கொட்டிவிட்டார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"மதர் நல்லவங்களா டீச்சர்?"

"ரொம்ப நல்லவங்க."

"பொய் சொல்ல வெச்சாங்களே?"

"ஆமா."

"அப்போ நாங்களும் சொல்லலாமா?"

"கூடாது!"

"ஏன்?"

"தெரியலையே கண்ணு. யோசிச்சுச் சொல்றேன்."

பிள்ளைகள் முன் டீச்சர் 'தெரியலை' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஓய்வு பெறும்வரை கதையை அப்படியேதான் சொன்னார். வருடம் தவறாமல் யாராவது ஒரு பிள்ளை அந்த 'ஏன்'-ஐக் கேட்டுவிடும். அவரும் புதிதாக ஒரு பதிலைச் சொல்லிப் பார்ப்பார். எதுவும் பிள்ளைகளுக்குத் திருப்தியாக இல்லை. அவருக்கும்தான்.