ஓரத்தில் நின்ற தாய்மாமன்

நான் ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு வீட்டில் கேசட்டைப் போட்டபோது தாய்மாமன் பாதிதான் தெரிந்தார். என் கடை மானிட்டரில் முழுதாக நின்றவர், அவர்கள் டிவியில் மாலையோடு அறுபட்டிருந்தார். "என்னையவே வெட்டிட்டானா?" என்று கோபித்துக்கொண்டு வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறிவிட்டார்.

என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இன்னொரு வீடியோக்காரரை வரவழைத்தார்கள். படிய வாரிய தலை, இஸ்திரி கலையாத சட்டை. எந்த டிவியைத் தொடுவதற்கு முன்னும் திரையைக் கைக்குட்டையால் துடைப்பாராம். அன்றும் குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல அத்தனை மெதுவாகத் துடைத்தார். பார்க்கவே எனக்கு எரிந்தது.

பின்மூடியைக் கழற்றி எதையோ திருகினார். படம் சுருங்கி இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை விழுந்தது. தாய்மாமன் மாலையோடு முழுதாக வந்து நின்றார்.

"அண்ணாச்சி எடுத்ததுல குத்தமில்லக்கா. இந்த டிவிதான் ஓரத்த முழுங்குது" என்றார் பெண்ணின் அம்மாவிடம்.

எனக்காகப் பேசியதுதான் இன்னும் சுட்டது. "இது எனக்கும் தெரியும்" என்றேன்.

"தெரியாமலா இருக்கும் அண்ணாச்சி" என்றார், சிரிக்காமல்.

அந்த வீட்டு இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு வீடியோ அவர்தான். எனக்குப் பத்திரிகை மட்டும் வந்தது. பந்தியில் அவர் கேமராவோடு வந்தபோது, வேண்டுமென்றே கடைசி இலையில் ஒதுங்கியிருந்தேன்.

பிறகு கேசட்டைப் பார்த்தேன். படத்தின் நட்டநடுவில் நான் இருக்கிறேன். இலையைப் பார்க்காமல் கேமராவையே முறைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த டிவியில் போட்டாலும் அந்த முகம் அறுபடாது.