கொடியில் கிடந்த சேலை

சோப்பு வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உச்சிப்புளியிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் போனால் வரும் அந்தப் பண்ணையில் யாருக்கும் சொந்தமாக எதுவும் கிடையாது. நிலம், மாடு, ஆடு, தென்னை, அடுப்பு எல்லாம் பொது. ஆதிக் கிறிஸ்தவச் சபையார் அப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று வேதத்தில் வாசித்துவிட்டு, நாங்கள் சில குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் விட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தோம். என் கணவர் ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கல்யாணமான முதல் வருஷத்திலேயே வேலையை விட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். எழுபதுகளின் கடைசி அது. கிணற்றை ஆழப்படுத்த என் நகைகளை நானேதான் கழற்றிக் கொடுத்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த வாழ்க்கை எனக்குப் பிடிக்காமல் இல்லை. விடிந்ததும் ஜெபம், அப்புறம் கடலைக் காட்டில் களையெடுப்பு, வெயில் ஏறியதும் கேப்பைக் கூழ். அண்ணன், அக்கா என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிடுவோம். ஆணும் பெண்ணுமாக ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆனால் சாமான் கேட்டு ஸ்டோர் அறையின் வாசலில் போய் நிற்கும்போது மட்டும் உடம்பு சுருங்கும். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன், கல்யாணம் செய்துகொள்ளாதவர். மாதவிலக்குக்குப் பழைய துணி வேண்டும் என்று அவரிடம் எப்படிக் கேட்பது? “சிம்னி வெளக்கு துடைக்கத் துணி வேணும்ணே” என்பேன். அவரும் என் முகத்தைப் பார்க்காமல், துவைத்து மடித்த வேட்டித் துணியை எடுத்து வைப்பார். ஒரு சிம்னிக்கு மாசாமாசம் அவ்வளவு துணி எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குத் தெரியும் என்பதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது அம்மா வந்தாள். அபிராமம் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, தலையில் ஓலைப்பெட்டியும் கையில் பையுமாக வந்து இறங்கினாள். எங்கள் வீட்டில் தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து அவரவர் வீட்டில் அவரவர் உலை வைக்கிற கிறிஸ்தவர்கள். பண்ணையின் ஒழுங்குகளை நான் அம்மாவிடம் முழுதாகச் சொன்னதில்லை. கழுத்தையும் காதையும் பார்த்தவள், “வெறுங்கழுத்தா நிக்கிறியேத்தா” என்றாள். “இங்கன யாரும் நகை போடுறதில்லம்மா” என்றேன். அது உண்மைதான். பாதி உண்மை.

ஓலைப்பெட்டி நிறைய அதிரசமும் சீடையும் இருந்தன. வழக்கப்படி அது சமையல்கூடத்துக்குப் போயிற்று. சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஆளுக்கு ஓர் அதிரசம், ஒரு கை சீடை. எனக்கும் ஒன்று. பக்கத்திலிருந்த குழந்தை கைநீட்ட, அதிலும் பாதியைப் பிட்டுக் கொடுத்தேன். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கப் போகும்போது, “வாய்க்கு ருசியா திம்பேன்னு ஒனக்காகச் சுட்டதுத்தா” என்றாள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

பைக்குள் ஒரு சேலை இருந்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை வைத்த சின்னாளப்பட்டிச் சேலை. அம்மா அதை என் மடியில் வைத்து, “ஞாயித்துக்கெழமை ஜெபத்துக்குக் கட்டு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் என் கணவரிடம், “அம்மா ஊருக்குப் போனப்புறம் ஸ்டோர்ல குடுத்துருவோமே” என்றேன்.

“நாலு நாள் கழிச்சுக் குடுத்தா அது ஒளிச்சு வச்சதுதானே?” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான், எதையும் நேராகவே நினைப்பார். “கட்டணும்னா கேட்டு வாங்கிக் கட்டு. ஒனக்குத்தான் தருவாக.”

அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் நினைத்திருந்தேன். வெள்ளியும் சனியும் ஸ்டோர் வாசல்வரை போனேன். என் அம்மா கொடுத்த சேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்க நாக்கு எழவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கமான நூல் சேலையோடு ஜெபக் கூரைக்குள் போய் உட்கார்ந்தேன். “புதுசு எங்க?” என்று அம்மா காதருகில் கேட்டாள். அதற்குள் ஓர் அக்கா உள்ளே வந்தார். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராததால், சின்ன மகனோடு எங்களிடம் வந்து சேர்ந்தவர். வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கட்டியிருந்த ஒரே சேலையையே துவைத்துத் துவைத்துக் கட்டுவார். முழங்கால் பக்கம் நைந்து போயிருந்தது. அன்று அவர் மேல் அரக்குச் சேலை. ஸ்டோர் அண்ணன் எந்தத் தப்பும் செய்யவில்லை. யாருக்குத் தேவையோ அவருக்குக் கொடுத்திருந்தார்.

அம்மா பாட்டு எதையும் பாடவில்லை. ஜெபம் முடிந்ததும் எழுந்து நேராகச் சமையல்கூடத்துக்குப் போனாள். நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதற்குள் கேட்டுவிட்டாள்.

“ஏம்மா, இந்தச் சேல ஒனக்கு ஏது?”

“ஸ்டோர்ல குடுத்தாகம்மா.”

“இது எம் மகளுக்கு ஏழாம் மாசத்துக்கு எடுத்தது. அவ இன்னும் ஒடம்புல சுத்திக்கூடப் பாக்கல.”

அரிவாள்மனையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அம்மாவை நினைத்து அவர்கள் முன்னால் வெட்கமாக இருந்தது. எங்களை நினைத்து அம்மா முன்னால் வெட்கமாக இருந்தது. அந்த அக்காவை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. அவர் தன் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது நைந்த சேலை கட்டியிருந்தார். புதுச் சேலை கையில் இருந்தது.

“வேணாம்க்கா, நீங்களே கட்டுங்க” என்றேன். எனக்கே கேட்காத குரல்.

“கட்டுனத அப்படியே குடுக்கக்கூடாது தங்கச்சி. அலசிப் போட்டுட்டு வாரேன்” என்றார்.

கிணற்று உப்புத் தண்ணீரில் அலசி, முற்றத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டியிருந்த கொடியில் போட்டார். கடற்காற்றில் ஒரு நாழிகையில் காய்ந்துவிடும். ஆனால் யார் எடுப்பது? நான் எடுத்தால் எனக்கென்று எடுத்ததாகிவிடும். அவர் எடுத்தால் அவருக்கென்று ஆகிவிடும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர்கள், விறகு எடுக்கப் போனவர்கள் எல்லோரும் குனிந்து அதன் அடியில் போய்வந்தார்கள். பகல் முழுக்க அது அங்கேயே படபடத்துக்கொண்டு கிடந்தது.

ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மனக்குறைகளைப் பேசுவது வழக்கம். பண்ணையைத் தொடங்கிய மூத்த அண்ணன், “யாருக்காச்சும் மனசுல ஏதும் இருந்தா சொல்லலாம்” என்றார். என் கணவர் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அக்காதான் பேசினார்.

“அந்த அம்மா கேட்டதுல தப்பில்ல. எனக்கு அம்மா இருந்தா எனக்காக அவளும் இப்புடித்தான் வந்து கேட்டிருப்பா.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூத்த அண்ணன் ஒரு சின்ன ஜெபத்தோடு முடித்தார்.

மறுநாள் பஸ் ஏறுவதற்கு முன் அம்மா சொன்னாள்: “சேல அவளுக்கே இருக்கட்டும். கட்டச் சொல்லு. நான் கேட்டிருக்கக் கூடாது.” பஸ் வந்தபோது வேறொன்றும் சொன்னாள்: “ஆனா ஒங்கய்யா கேட்டா என்னத்தச் சொல்லுவேன், எம் மக நல்லா இருக்கான்னா?”

நல்லாத்தான் இருக்கேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

அம்மா சொன்னதை அந்த அக்காவிடம் சொன்னேன். “சரி தங்கச்சி” என்றார். ஆனால் கட்டவில்லை. சேலை திரும்பவும் ஸ்டோர் அலமாரிக்கே போயிற்று. அடுத்த மாதம் நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே எனக்கென்று தனியாக ஒரு சோப்பு இருந்தது. உறை பிரிக்காத சோப்பு. நல்ல தண்ணீரில் அது நுரைத்தபோது உண்டான சந்தோஷத்தை நான் கணவருக்கு எழுதிய கடிதங்களில் சொல்லவில்லை.

கைக்குழந்தையோடு பண்ணைக்குத் திரும்பியபோது ஒழுங்குகள் மாறியிருந்தன. சோப்பு, எண்ணெய், துணி எல்லாம் மாதத் தொடக்கத்திலேயே கேட்காமல் பங்காக வீட்டுக்கு வந்துவிடும். பிறந்த வீட்டிலிருந்து வருவதை அவரவர் வைத்துக்கொள்ளலாம். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் யாரால் மாறியது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அக்கா அப்போது அங்கே இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு பாம்பனில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன். “அவுகளாத்தான் போனாக” என்றார் ஸ்டோர் அண்ணன்.

பிறகு வந்த வருஷங்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. பெட்டிக்குப் பூட்டு வந்தது. தனி அடுப்பும் வந்தது. தண்ணீர் இன்னும் உப்பேறியது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது, நாங்களும் கிளம்பினோம். மாதப் பங்கு வந்த அன்றே பண்ணை முடிந்துபோனது என்று பழைய ஆட்கள் சிலர் இன்றைக்கும் சொல்வார்கள். அப்போதெல்லாம் நான் காப்பி கலக்க உள்ளே எழுந்து போய்விடுவேன்.

தொண்ணூறுகளில் ஒருநாள் ராமேஸ்வரம் பஸ்ஸில் அந்த அக்கா என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது. அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். மகன் விசைப்படகில் டிரைவராக இருக்கிறானாம். “அம்மா நல்லா இருக்காகளா?” என்று கேட்டார். தவறிப்போனதைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் அவர் மறந்துபோயிருக்கக்கூடியதை நானே ஞாபகப்படுத்தியதாகிவிடுமோ என்று விழுங்கிக்கொண்டேன்.

“அங்கன இருந்த வரைக்கும் எம் மகன் ஒருநாகூடப் பட்டினி கெடக்கல. அத எங்க போனாலும் சொல்லுவேன்” என்றார்.

மண்டபம் வந்தபோது, தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லி இறங்கிப் போனார்.