நான் நேராக்கிய கோடு

கல்கத்தாவில் எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணை நான் மாஷி என்று கூப்பிடுகிறேன். அவள் என்னை மேஷோ என்கிறாள். வங்காளத்தில் மாஷி என்றால் அம்மாவின் சகோதரி. மேஷோ என்றால் அந்த அம்மாளின் கணவர். உறவுமுறையைக் கறாராகப் பார்த்தால் வில்லங்கமான ஏற்பாடுதான். என் மனைவி இருபது வருடமாக ஆட்சேபணை எழுப்பவில்லை. ஆகவே ஒப்புதல் கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்து நான்கு வருடம் வரைபடம் தயாரிக்கும் மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தவன் இப்படித்தான் பேசுவான். அளவெடுப்பு, களச் சரிபார்ப்பு, திருத்தம், கையொப்பம். எந்தத் தாளில் யார் எந்த மூலையில் கையெழுத்திட வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகும் மின்கட்டண ரசீதின் பின்பக்கம் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதித் தேதி போடுவேன். அப்படி எழுதினால் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி இப்போது இல்லை.

மாஷி பிறந்தது சுந்தரவனத்தில் ஒரு சின்னத் தீவில். சுற்றிலும் மண்கரை. கரைக்கு வெளியே உப்பு ஆறு. உள்ளே, பெருக்கெடுத்த ஆற்றின் மட்டத்துக்குக் கீழே, வீடுகளும் வயல்களும். சின்ன வயதிலேயே அவள் கல்கத்தாவுக்கு வந்துவிட்டாள். மகளை அங்கேயே ஜாதவ்பூரில் பத்தாவது வரை படிக்கவைத்து, பிறகு தான் விட்டுவந்த தீவிலேயே கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தீவில் மகள், அவளுடைய மாமியார், ஒரு கைக்குழந்தை.

போன வருடக் குளிர்காலத்தில் அந்தத் தீவுக்கு நான் போனது மாஷிக்காக அல்ல. ஜாதவ்பூரில் ஒரு தொண்டு நிறுவனம், தீவு மக்களைக் கொண்டே தீவின் வரைபடத்தைத் தயாரிக்கும் வேலையில் இறங்கியிருந்தது. எங்கே கரை உடைகிறது, எந்தக் கிணறு உப்பாகிவிட்டது, புயல் வந்தால் எப்படித் தப்பிப்பது என்பதெல்லாம் அதில் வரவேண்டும். தொழில் தெரிந்த ஒருவர் தேவை என்றார் அதை நடத்திய இளம்பெண். சம்பளம் கிடையாது என்றும் சொன்னார். ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடக் கௌரவமான அழைப்பு வராது.

பள்ளிக்கூட முற்றத்தில் மக்கள் வரைபடம் போட்டார்கள். செங்கல் பொடியால் பாதை, சாம்பலால் ஆறு, சோளத்தட்டையால் கரை, புளியங்கொட்டையால் வீடுகள். பெயர்களைக் காகிதத் துண்டுகளில் எழுதி வைத்தவள் மாஷியின் மகள். அங்கே அவள் கையெழுத்துதான் நன்றாக இருந்தது. புயலுக்கு ஒதுங்கும் இடமும் அதே பள்ளிக்கூடம்தான். தூண்களின் மேல் நிற்கிற இரண்டு மாடிக் கட்டடம். தெற்குக் குடியிருப்பிலிருந்து அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ஊருக்கு நடுவே குளத்தைச் சுற்றிப் போகும் செங்கல் பாதை. மற்றது, மேற்குக் கரையின் மேலேயே நடந்து போவது. செங்கல் பாதையை ஒரு முழ நீளத்துக்கும், கரையை அதைப்போல மூன்று மடங்கு நீளத்துக்கும் பாம்பு மாதிரி வளைத்துப் போட்டிருந்தார்கள்.

என்னிடம் அளவுக் கருவி இருந்தது. அது சொன்ன கணக்கு நேர்மாறு. கரைவழி கிட்டத்தட்ட நேர்க்கோடு. செங்கல் பாதையில் பாதி தூரம்கூட இல்லை.

“இது இவ்வளவு நீளம் இல்லையேம்மா,” என்றேன் மாஷியின் மகளிடம்.

“நடந்தா அவ்வளவு ஆகுமாம் தாதூ. மாமியார் சொல்றாங்க.” அவள் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள், வங்காளத்தில் தாதூ.

“நான் நடந்து பார்க்கிறேன்.”

நடந்தேன். கரை சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. வெயில் இதமாக இருந்தது. பதினோரு நிமிடம். களக் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘உள்ளூர் மக்களின் தூர மதிப்பீட்டில் பிழை. திருத்தப்பட்டது.’ மாதம் ஜனவரி என்பதையும் எழுதினேன். தேதி போடாத களக்குறிப்பு செல்லாது.

திரும்பி வந்து வரைபடத்தை ஒழுங்காகப் போட்டேன். தெற்குக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரை, கரைமேல், ஒரு சிவப்புக் கோடு. ‘புயல் காலத்தில் ஒதுங்கும் வழி’ என்று வங்காளத்தில் எழுதும்படி மாஷியின் மகளிடம் சொன்னேன். அவள் எழுதியதை அப்படியே அச்சில் ஏற்றினோம். நாற்பது பிரதிகள், தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை போட்டு. ஒப்புதல் கூட்டம் நடந்தது. பொரியும் தேநீரும் தந்தோம். படத்தில்தான் எழுதியிருக்கிறதே என்று எதையும் விளக்கவில்லை; ஆட்சேபணை உண்டா என்று மட்டும் மூன்று முறை கேட்டேன். எல்லோரும் சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். இவ்வளவு சுமுகமான கூட்டத்தை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மே மாதத்தில் புயல் வந்தது. அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், எழுதப் பிடிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலமே ரயில்களை நிறுத்திவிட்டதால் மாஷி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். காலையில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு மகள் போன் செய்தாள். கையில் காய் இருந்ததால் மாஷி போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினாள். எல்லோருக்கும் கேட்டது.

“கிளம்பிட்டியா?”

“பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி மைக்குல கத்துறாங்க. மூட்டை கட்டறேன். நீ கவலைப்படாதே மா, வழி தெரியும். தாதூ போட்ட படம் சுவத்துலயே இருக்கு.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், மார்பு கொஞ்சம் விரிந்தது. எழுந்து போய் நாள்காட்டியில் தேதி கிழித்தேன். அன்று பௌர்ணமி.

பௌர்ணமி என்றால் ஆறு மிக உயரமாக ஏறும். அதன் மேல் புயல். மூன்று நாளாக மழை. ஜனவரியில் சிமெண்ட் மாதிரி இருந்த கரை களிமண்ணால் ஆனது.

அலமாரியைத் திறந்து களக் குறிப்பேட்டை எடுத்தேன். ‘நடந்தா அவ்வளவு ஆகுமாம்.’ அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிவைத்திருந்தேன். அதற்குக் கீழே என் கையெழுத்தில்: பிழை. அவர்கள் மீட்டரில் பேசவில்லை. காலில் பேசினார்கள். மழைக்காலத்தில், இடுப்பில் குழந்தையோடு, முழங்கால் சேற்றில் நடக்கிற நேரத்தைத்தான் சோளத்தட்டையால் அளந்து போட்டிருந்தார்கள். அதை நான் நேராக்கியிருந்தேன்.

உடனே மாஷியின் மகளுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. மூன்றாவது தடவை மணியே அடிக்கவில்லை. தொண்டு நிறுவனப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவராலும் தீவில் யாரையும் பிடிக்க முடியவில்லை. ஊராட்சி அலுவலக எண், பள்ளிக்கூட எண், படகுத்துறை எண் எல்லாம் என்னிடம் அகர வரிசையில் இருந்தன. ஒன்றிலும் சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாமரம் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். வைத்த இடம் தெரியவில்லை.

“மேஷோ, என்ன இப்படி வேர்க்குது?” என்றாள் மாஷி.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். பதில் தெரியாத கோப்பை மேலதிகாரி மேசையில் மற்றவற்றுக்கு அடியில் சொருகி வைக்கிற பழக்கம் எங்கள் ஆபீசில் உண்டு. ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

அவள் அரிவாள்மணையை மடக்கினாள். “கரை மேலயா? மழை நாள்ல அங்க ஆடுகூடப் போகாது.”

“படத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கேனே. வீட்டுக்குக் கொண்டுவந்த பிரதியை நீயும் பார்த்தியே.”

“அது ரோடு இல்லையா?”

“எந்த ரோடு?”

“சர்க்கார் போடப்போற ரோடு. ஊரே அப்படித்தான் பேசிக்கிட்டாங்க. கரை மேல செங்கல் ரோடு வருது, கல்கத்தா பாபு சிவப்புல கோடு போட்டுட்டுப் போயிருக்கார்னு. அதனாலதானே எல்லாரும் கைநாட்டு வச்சாங்க?”

கூட்டத்தில் எல்லோரும் சிரித்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. பயத்துக்கு நடுவில் ஒரு ஆறுதலும் வந்தது: என் படத்தை யாரும் வழியாக எடுத்துக்கொள்ளவில்லை, ஊர் பிழைத்தது. அடுத்த நொடியில் அந்த ஆறுதல் போய்விட்டது. அந்தக் கோட்டின் கீழே எழுதியிருப்பதைப் படித்து நம்பக்கூடியவள் தீவில் ஒருத்திதான். அவளே எழுதியது. ஜாதவ்பூரில் வளர்ந்தவள்; மழைக்காலக் கரை அவளுக்குப் பழக்கமில்லை; அச்சடித்ததை நம்புகிறவள்.

மாஷியும் அதை எட்டிவிட்டாள். “படிக்க வச்சேன்,” என்றாள். பிறகு அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். என் மனைவி மட்டும் ஒரு முறை, “நீங்க சாப்பிடலைன்னா அங்க தண்ணி வடியப்போறதில்லை,” என்றாள். அவள் தட்டிலும் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் நண்பகலில்தான் போன் வந்தது. வேறு யாரோ ஒருவருடைய எண். மாஷி எடுத்தாள். மகளின் குரல் கேட்டதும் மாஷி அப்படியே தரையில் உட்கார்ந்து போனை என் பக்கம் நீட்டினாள்.

வீட்டு வாசலிலேயே மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை. கிழவி செங்கல் பாதை என்றாள். இவள் படத்தைக் காட்டினாள். “உன் காகிதத்தை நீ எங்க வேணா கூட்டிட்டுப் போ, குழந்தையை இங்க குடு,” என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு கிழவி நடந்துவிட்டாள். தன் வழிதான் சீக்கிரம் என்று நிரூபிக்க, மூட்டையைத் தூக்கிக்கொண்டு இவள் கரைமேல் ஏறினாள். பாதி தூரம் போவதற்கே முக்கால் மணி நேரம். அதற்கு மேல் கரை இல்லை. பின்னால் திரும்பினால் வந்த கரையும் உட்கார்ந்துகொண்டிருந்தது. மார்பளவு தண்ணீரில் ஒரு கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆடு தேடி வந்த இரண்டு பேர் கயிறு வீசி இழுத்தார்கள். மூட்டை போய்விட்டது. உள்ளங்கை முழுக்க முள். கிழவியும் குழந்தையும் எப்போதோ பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

“கோடு நேரா இருந்துச்சு தாதூ,” என்றாள். குறை சொல்கிற தொனியே இல்லை. நடந்ததை எனக்கு விளக்குகிறாளாம். “அதான் போனேன்.”

போனை மாஷியிடம் கொடுத்தேன்.

மூட்டையில் ரேஷன் அட்டை, ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. இந்த ஒன்றில் நான் கெட்டிக்காரன். எந்த அலுவலகம், எந்தப் படிவம், எத்தனை நகல் என்று ஒருவரையும் கேட்காமல் இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு படிவத்திலும் ‘தொலைந்த காரணம்’ என்று ஒரு கட்டம். ‘புயல்’ என்று எழுதினேன். அது ஏற்றுக்கொள்ளப்படும் பதில்.

ஆடி மாத மழையில் தொண்டு நிறுவனப் பெண்ணும் நானும் மறுபடியும் தீவுக்குப் போனோம். இந்த முறை அளவுக் கருவியைப் பையிலேயே வைத்துவிட்டேன். மாமியார்க் கிழவி முன்னால் நடக்க, மிச்சமிருந்த கரையில் பின்னால் போனேன். எட்டாவது அடியில் செருப்பு மண்ணுக்குள் போனது. பதினைந்தாவது அடியில் நான் உட்கார்ந்துவிட்டேன். ஆறு ஒரு கை தூரத்தில் ஓடியது. அதைப் பார்க்காமல் இருக்கக் கிழவியின் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுப் படத்தில் தூரங்கள் இல்லை. மழைக்காலத்தில் எத்தனை நிமிடம், வெயிலில் எத்தனை நிமிடம் என்றுதான் இருக்கிறது. எழுதியவள் அதே பெண். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் கிழவியைக் காட்டினேன்.

“இந்தத் தாள் தண்ணில நனைஞ்சா என்ன ஆகும்?” என்று கேட்டாள் கிழவி.

“நனையாது. பிளாஸ்டிக் போட்டிருக்கு.”

“சரி, அதுவாவது தப்பிக்கட்டும்,” என்று கட்டைவிரலை மையில் வைத்தாள்.

புதியது வந்தால் பழைய பிரதிகளைத் திரும்பப் பெற்று அழிக்க வேண்டும், அதுவும் விதிதான். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒன்று கோழிக்கூட்டுக்குக் கூரையாக இருந்தது. ஒன்றில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. நாற்பதில் முப்பத்து நான்கு கிடைத்தன. மற்றவை வெள்ளத்தில் போயிருக்கும் என்றார்கள். ஆனால் அவை தண்ணீரில் கெடாதவை. நானே கேட்டு வாங்கிப் போட்ட உறை.

வானொலியில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று கேட்டால் இப்போதெல்லாம் எழுந்து போய்ப் பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்கிறேன். மாஷி அடுப்படியிலிருந்து என்னைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்க்க மாட்டேன். அந்த ஆறு பிரதிகளில் ஒன்று ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் இருக்கலாம். இந்த வைகாசியில் அந்தத் தீவுக்கு மூன்று புது மருமகள்கள் வந்திருக்கிறார்களாம். மூன்று பேருமே பள்ளிக்கூடம் போனவர்கள் என்று மாஷியின் மகள் சொன்னாள்.