குறி திரும்புவதை நம்பாத எவரிஸ்தோ

துக்குமான் நகரப் பேருந்துகளில் எவரிஸ்தோ லெதெஸ்மா டிக்கெட் பரிசோதகர். தூங்குகிறவரைக் கண்டால் நடிக்கிறார் என்பார். சிரிக்கிறவரைக் கண்டால் எதையோ மறைக்கிறார் என்பார். வீட்டிலும் சூப்பைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

"விஷமா வச்சிருக்கேன்? உனக்கு அது வேற தெண்டச் செலவா?" என்பாள் மனைவி தெல்ஃபீனா.

முழங்கால் தேய்ந்து, பேருந்தில் ஏறி இறங்க முடியாமல் போயிற்று. டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் நேரக்காப்பாளர் வேலை காலியாக இருந்தது. ஆனால் பள்ளிப்படிப்பை முடித்திருக்க வேண்டும். எவரிஸ்தோவுக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி, கணக்கு. அதில் தேறினால்தான் அந்த நாற்காலி.

பாக்கிப் பாடத்துக்கு மூன்று ஆசிரியர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு. கம்பிக்கூண்டைச் சுழற்றி உருண்டை எடுக்க வேண்டும். அதிலுள்ள எண்ணுக்குரிய பகுதியில் கேள்வி.

"எல்லா எண்ணும் உள்ள இருக்குதா சார்? கொஞ்சம் கொட்டிக் காட்டுங்க."

"இது என்ன லாட்டரியாய்யா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மூத்த ஆசிரியர் பெனீத்தெஸ் கொட்டிக் காட்டினார்.

வந்தது அசமன்பாடு. குறை எண்ணால் வகுத்தால் 'பெரியது' என்னும் குறி 'சிறியது' என்று திரும்பிக்கொள்ளுமாம். இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்த பிறகு, குறி மட்டும் ஏன் கட்சி மாற வேண்டும்? ஏதோ உள்வேலை இருக்கிறது என்றே எவரிஸ்தோ நினைத்திருந்தார்.

பலகையில் 7 − 2x > 1. எவரிஸ்தோ அந்த விதியின் பக்கமே போகவில்லை. இரண்டு பக்கமும் 2x கூட்டினார்: 7 > 1 + 2x. ஒன்றைக் கழித்தார்: 6 > 2x. இரண்டால் வகுத்தார்: 3 > x.

இளம் ஆசிரியை மரிசோல் கண்ணைச் சுருக்கினாள். "குறியைத் திருப்பவே இல்ல, விடை மட்டும் வந்துடுச்சு. மனப்பாடமா?"

"வழி சரிதானேம்மா?" என்றார் பெனீத்தெஸ்.

"சரிதான் சார். புரிஞ்சு போட்டாரான்னு தெரியணுமே. ஐயா, குறை இரண்டால வகுத்துக் காட்டுங்க பார்ப்போம்."

எவரிஸ்தோ −2x > −6 என்று எழுதி, அடுத்த வரியில் x > 3 என்றார். கை நின்றது. மேலே மூன்றைவிடச் சிறியது, கீழே மூன்றைவிடப் பெரியது. இரண்டில் ஒன்று பொய்.

xக்கு 4 போட்டார். ஏழில் எட்டுப் போனால் குறை ஒன்று. அது ஒன்றைவிடப் பெரிதில்லை. பூஜ்யம் போட்டார். ஏழு, அது பெரிது. கீழ் வரிதான் பொய். அழித்துவிட்டு x < 3 என்று எழுதினார்.

"இப்போ விதியை நம்புறீங்களா?"

"இந்தக் கணக்குல நம்புறேன் டீச்சர். அடுத்த கணக்குக்கு நான் எப்படி ஜாமீன் நிக்கிறது?"

பெனீத்தெஸ் வாய்விட்டுச் சிரித்தார். "பாஸ்யா, வீட்டுக்குப் போ!"

"காரணம் சொல்லாம அனுப்புறீங்களே?"

மரிசோல் எண்கோடு போட்டாள். "2ஐவிட 5 வலப்பக்கம். ரெண்டையும் குறை எண்ணாக்குனா பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் போயிடும். அங்க −5தான் இடப்பக்கம். வரிசை திரும்புது, அதான் குறியும் திரும்புது."

எவரிஸ்தோ விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வேறு இரண்டு எண்ணையும் போட்டுப் பார்த்துவிட்டே வெளியே வந்தார்.

"என்னாச்சு?" என்றாள் வாசலில் பையோடு காத்திருந்த தெல்ஃபீனா.

"பாஸ்."

"யார் சொன்னா?"

"அவங்கதான்."

"உன் காதுல சரியா விழுந்துச்சா? இதைப் பிடி, நானே கேட்டுட்டு வரேன்." பையை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். எவரிஸ்தோ தடுக்கவில்லை. கதவோரம் நகர்ந்து காதைக் கொடுத்தார்.