மானின் வாயில் அரிசி

ஜெர்மன் பேசும் வில் என்ற ஊரில் அப்பா பாத்திரம் கழுவிய உணவகத்தின் முதலாளிக்கு, இலையுதிர்காலம் வந்துவிட்டால் வேட்டைக் கிறுக்குப் பிடித்துவிடும். சமையலறை மேசையில் பழைய பத்திரிகையை விரித்துத் தன் துவக்கைக் கழற்றிப் பரப்பிவிடுவார். எண்பதுகளில், மேல்மாடியில் குடியிருந்த எங்களுக்கு அதைவிட நல்ல வேடிக்கை கிடையாது.

அந்த வருடம் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். பெரிய மாமா பிறகு வருவார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். முதலாளி இரண்டு துவக்குக் குழல்களை மாமாவின் முன்னால் வைத்தார். வாய் ஒடுங்கிய குழல், ஒரே வெடியில் கூட்டமாய்ப் பறக்கும் சிறு ஈயச் சன்னங்களுக்கு, அவை அதிகம் சிதறாமல் போகும். வாய் அகன்றது ஒற்றை ஈயக் குண்டுக்கு. அந்தக் குண்டிலும் இரண்டு வகை வாங்கிப் பலகையில் சுட்டுப் பார்த்திருந்தார். எந்த வகை நெருக்கமாக விழுந்திருக்கிறது என்று துளைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். கல்யாணச் சேலை எடுக்கப் போனவர்கள்கூட அவ்வளவு யோசிக்கமாட்டார்கள்.

சன்னம் சரியாகப் படாவிட்டால் மான் காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகுமாம். குண்டென்றால் நின்ற இடத்திலேயே விழுமாம். முதலாளி சொன்ன இதை அப்பா தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியைக்கொண்டு விளங்கி மாமாவுக்குச் சொன்னார்.

"அத்தான், அதுக்கு நோகாதோ எண்டு கேளுங்கோ."

நோகாது, வெடிச்சத்தம்கூட அதற்குக் கேட்காது என்றார் முதலாளி.

"வடிவாக் கேட்டனீங்களோ? ஒண்டுமே தெரியாதாமோ?"

"ஓம் ஓம், எத்தினை தரம் கேக்கிறது?" என்று அப்பா சலித்துக்கொண்டார்.

மாமா அந்தக் குண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தார். மானுக்காக இப்படி உருகுகிறவருக்கு நான் 'மான் மாமா' என்று பெயர் வைத்தேன்.

சனிக்கிழமை முதலாளி அகன்ற வாய்க் குழலோடு போய் ஒரு மானோடு திரும்பினார். பின்முற்றத்தில் கிடத்தியிருந்த அதன் வாயில் ஒரு பச்சைக் குச்சி செருகியிருந்தது. அது கடைசி வாய்ச் சாப்பாடு, கொடுக்காமல் விடுவது மரியாதையில்லை என்றார். அப்பா அதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமா மேலே ஓடினார். ஒரு பிடி அரிசியோடு வந்து முழந்தாளிட்டு, மானின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். முதலாளி தொப்பியைக் கழற்றினார்.

அம்மா ஓடிவந்து மாமாவின் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டார். "அண்ணைக்கு வாய்க்கரிசிகூடப் போடேலாமல் போச்சேடா, தம்பி!"

பெரிய மாமாவை ஆமி சுட்டபோது சின்ன மாமா வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். உடலுக்குக் கிட்டப் போக முடியாமலே ஓடிவந்தவர். இதெல்லாம் எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். அன்று, அரிசி வீணாய்ப் போனதற்குத்தான் அம்மா அழுகிறார் என்று நினைத்து, அவரின் சேலையைப் பிடித்திழுத்துத் தேற்றினேன்.

"அழாதேங்கோ அம்மா. பையில இன்னும் கனக்க அரிசி கிடக்கு. பெரிய மாமா வந்தாப்பிறகு குடுப்பம்."